பாலத்து முனையில் நான் வரைந்த கூரை

கண்டியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகம் இருக்கிறது. ஏழு வருடங்களாக அங்கே படம் வரைகிறேன். வீடுகள், கடைகள், ஒரு தடவை பள்ளிக்கூடத்து மலசலகூடம். மற்றவர்கள் நினைப்பதைக் கோடாக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. நானே யோசித்து, நானே வரைந்து, நிஜமாக எழும்பி நின்ற முதல் கட்டடம் ஒரு கூரை. நான் பிறந்த தோட்டத்துக்குப் போகும் வழியில், வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் பாலம் ஒன்றின் முனையில், வாகனங்களிடம் கட்டணம் வாங்குவதற்காகக் கட்டியது. அதை நான் வரைந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காலத்தில் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சேர், அதாவது அந்தக் கட்டடக்கலைஞர், என்னைக் கூப்பிட்டு மேசையில் ஒரு படத்தை வைத்தார். மூன்று வளைவுகள், கீழே பாறைகளுக்கு நடுவே ஆறு, பின்னால் பனிமூட்டத்துக்குள் பாதி மறைந்த நீர்வீழ்ச்சி. பாலத்தைத் தாண்டி நீர்வீழ்ச்சிக்குப் போகிற வாகனங்கள் பெருகிவிட்டன, பிரதேச சபை ஒரு கட்டண வாசல் கட்டப்போகிறது, மழையில் வண்டி நிற்கிற இடத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்றார். பாலத்தைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள், அதனால் கூரை பாலத்தை மறைக்கக்கூடாது, அதுதான் நிபந்தனை என்றும் சொன்னார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, இது எங்கள் தோட்டத்துப் பாலம் என்றேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்படியானால் நீயே செய் என்று முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்துவிட்டு, போன வருடம்தான் பேர் வெட்டிக்கொண்டு, ஓய்வாக வீட்டில் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும், மழைக்கு ஒதுங்க நல்லதுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது கோயிலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் குடியிருக்கிற லயங்களும் கொழுந்து நிறுக்கிற மடுவமும் பாலத்துக்கு அந்தப் பக்கம், நீர்வீழ்ச்சிக் கரையில். பள்ளிக்கூடமும் பஸ் நிற்கிற இடமும் எங்கள் டிவிசனின் ஒரு பெரிய தேயிலை மலையும் இந்தப் பக்கம். பாலத்தின் இடது ஓரத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, இரண்டடி அகலத்துக்குக் கல் வைத்து உயர்த்திய ஒரு நடைவழி உண்டு. பாலம் முடிந்ததும் அது மண் பாதையாகி, ரோட்டோரமாகவே போய், மலைக்கு ஏறும் படிக்கட்டில் சேரும். பதினோரு வருடம் அந்த வழியால் பள்ளிக்கூடம் போனேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழி எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

இடம் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சேரின் வேனில் போய், பாலத்து முனையில் இறங்கி, நாடாவைப் பிடித்து அளந்தோம். ஞாயிறு என்பதால் மலையில் வேலை இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பனி இறங்கியிருந்தது. வண்டிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மேலே ரோட்டு வளைவில் ஒரு கலியாண ஜோடி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. சேர் அந்த இடத்தில் போய் நின்று, எல்லாரும் பாலத்தைப் பார்ப்பது இங்கேயிருந்துதான், இங்கே நின்றால் மூன்று வளைவும் முழுதாகத் தெரிய வேண்டும் என்றார். லயத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. வேனிலிருந்தபடியே போனில் பேசிவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தக் கூரையைத் தவிர வேறு நினைப்பே இல்லை. முதலில் வரைந்தது உயரமாகி மூன்றாவது வளைவை மறைத்தது. தாழ்த்தினால் பஸ் இடிக்கும். கூரையை இரண்டாக மடித்து, பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று அடியில் புகுந்து மேலே போக நடுவில் ஓர் இடைவெளி விட்டேன். தூண்கள் நாலும் மெல்லிய இரும்புக் குழாய். பச்சை பூசச் சபையில் சொன்னார்கள். தேயிலைக்குப் பக்கத்தில் எந்தப் பச்சையும் பொய்ப் பச்சையாகத் தெரியும், கருங்கல்லின் சாம்பல் நிறமே இருக்கட்டும் என்று நான் வாதாடி அதில் வென்றேன். கடைசியில் ஒன்றுதான் இடித்தது. டிக்கெட் கொடுக்கிற சின்ன அறை எங்கே வைத்தாலும் மேல் ரோட்டு வளைவிலிருந்து பார்க்கும்போது பாலத்தின் மேல் விழுந்தது. இடது பக்கம் ஆறடி தள்ளி, மண்மேட்டை ஒட்டி வைத்துப் பார்த்தேன். மூன்று வளைவும் அப்படியே திறந்துகொண்டன. அறைக்கும் பாலத்துச் சுவருக்கும் இடையில் மிஞ்சிய இடத்தில் ஒரு கம்பி வேலி போட்டேன். சேர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதுதான் சரி என்றார். படத்தின் மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்துகளைப் போடச் சொன்னார்.

திறப்பு விழாவுக்கு நான் ஒரு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயிருக்கலாம். சேரோடு கண்டியிலிருந்து காலையில்தான் போனேன். குத்துவிளக்கு, பாற்சோறு, பிளாஸ்டிக் கதிரைகள். சபைத் தலைவர் நாடா வெட்டினார். முதல் வேன் என் கூரைக்கு அடியில் வந்து நின்றபோது எல்லாரும் கை தட்டினார்கள். நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. மெல்லிய மழை. நடு இடைவெளியால் பனி உள்ளே வந்து வந்து போனது. பாற்சோற்றுத் தட்டோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா வந்தார். பூசைக்குக் கட்டுகிற நீலச் சேலையில், குடை பிடித்துக்கொண்டு, பாலத்தின் நடைவழியால் வந்தார். தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டு சிரித்தார். பாலம் முடிகிற இடத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றார். அவருக்கு முன்னால் டிக்கெட் அறையின் பின்சுவர் நின்றது. அதற்குப் பக்கத்தில் கம்பி வேலி. அம்மா இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ஒரு கையைத் தூக்கி அந்தச் சுவரின் மேல் வைத்தார். பிறகு வேலிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

அந்த நொடியில் எனக்கு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. கையில் இருந்த தட்டு நழுவியதுகூடத் தெரியவில்லை, பக்கத்தில் நின்றவர் பிடித்துக்கொண்டார். அறையை வைத்த ஆறடி, வேலி, நடைவழி எல்லாம் ஒரே தடவையில் கண்ணுக்கு முன் வந்து நின்றன. என் படத்தில் பஸ்ஸுக்கு வழி இருந்தது. வேனுக்கு, ஓட்டோவுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு வழி இருந்தது. திரும்பிப் போகிற வண்டிக்குக்கூட அம்புக்குறி போட்டிருந்தேன். காலால் நடந்து வருகிறவர்களுக்கு எதுவுமே இல்லை.

அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி, நின்ற இரண்டு வண்டிகளுக்கு நடுவால் என்னிடம் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, நல்லா இருக்கு என்றார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டார்:

"நாங்க போற வழிய எங்க புள்ள போட்டிருக்க?"

"அப்புறமா போடுவாங்கம்மா," என்றேன்.

அம்மா நம்பிவிட்டார். நான் சொன்னால் நம்புவார்.

அன்று பகல் நிறுவைக்கு நேரமானபோது, மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் நிறைந்த கொழுந்துப் பை. வழக்கமான பாதையால் வந்து வேலியில் முட்டி நின்றார்கள். காவலாளி அவர்களிடம் சிங்களத்தில், பெரியவர்களின் வண்டிகள் போகட்டும் என்று கை காட்டினார். அவர்கள் மழையில் நின்றார்கள். கூரைக்கு அடியில் இடமிருந்தும் ஒருத்திகூட உள்ளே ஒதுங்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வண்டி போகும் பாதைக்கு நடுவால் போனார்கள். அவர்களில் ஒருத்தி என்னோடு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த சிநேகிதி. அவள் மட்டும் பையைப் பிடித்திருந்த கையின் இரண்டு விரலை அசைத்து எனக்குச் சைகை காட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் அலுவலகத்தில் சேரிடம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். நில அளவைப் படத்தில் நடைபாதை இல்லையே என்றார். நம்மிடம் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தோம், இல்லைதான். இது சின்ன விஷயம், சபையிலிருந்து கடிதம் வந்தால் திருத்திக் கொடுப்போம், நாமாக எழுதினால் நம் பிழை என்று ஆகிவிடும் என்றார். நான் சரியென்று தலையாட்டினேன். இதைச் சொல்லத்தான் வேண்டும், நான் தலையாட்டினேன். அந்த வாரம் முழுக்க முகநூலில் என் கூரையின் படங்கள் வந்துகொண்டிருந்தன. பாலத்துக்கு ஒரு குடை பிடித்த மாதிரி என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், வரைந்தவர் யார் என்று கேட்டிருந்தார். அதன் கீழே என் பெயரை எழுதியது நான்தான்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிபோல அம்மாவின் போன் வந்தது. என் வேலை நேரத்தில் அம்மா கூப்பிடவே மாட்டார். எடுத்ததும், அன்று எனக்கு விரலசைத்த என் சிநேகிதியின் வீட்டுப் பெயரைச் சொல்லி, "அவ மேல வேன் ஏத்திருச்சு புள்ள," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எதிர் மேசையில் வேலை செய்கிறவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, உயிர் இருக்கா, உயிர் இருக்கா என்று போனில் கேட்டுக்கொண்டேயிருந்தேன். இருக்கு, கால்தான் என்றார் அம்மா.

கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு வேன். கூரைக்கு அடியில் நின்றுவிட்டு, இந்தப் பனியில் நீர்வீழ்ச்சி தெரியாது என்று முடிவு செய்து, திரும்பிப் போகப் பின்னால் எடுத்திருக்கிறது. தலையில் பையோடு பின்னால் வந்துகொண்டிருந்தவளுக்கு விலக இடமில்லை. வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் அவளுடைய இடது கால் மாட்டிக்கொண்டது. நாலு தூண்களில் இடது பக்கத்துப் பின்தூண். அது எந்தத் தூண் என்று சொல்லச் சொல்லி அம்மாவை மூன்று தடவை கேட்டேன். அம்மாவுக்கு ஏன் கேட்கிறேன் என்று புரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். அவள் புருஷன் கொழும்பில் கடை வேலை, வந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தான். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், உட்காரு என்று காலை அசைக்காமல் கொஞ்சம் நகர்ந்தாள். நான் திட்டு வாங்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவள் திட்டவில்லை.

"வேன்காரனும் பாவந்தான்," என்றாள். "எறங்கி வந்து அழுதுட்டான். அந்த எடத்துல ஆளு நிக்கும்னு யாரு நெனைப்பா, சொல்லு?"

யார் நினைப்பார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கொண்டுபோன தோடம்பழங்களை அவளே உரித்து எனக்கும் இரண்டு சுளை கொடுத்தாள். அதைத் தின்றேன். எப்படித் தின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் சேரிடம் ஒன்றும் சொல்லாமல், லீவு போட்டுவிட்டு, பிரதேச சபைக்குப் போனேன். அறையை எங்கே தள்ளலாம், வேலியை எப்படி எடுக்கலாம் என்று ஒரு படம் வரைந்து கையில் வைத்திருந்தேன். அங்கே வேலைகளைப் பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் என் வயதுடைய ஒரு சிங்களவர். அந்த நில அளவையைச் செய்தவரும் அவர்தான். நான் சிங்களத்தில், அளவைப் படத்தில் நடைபாதை காட்டப்படாததால் இப்படி ஆகிவிட்டது, அதைத் திருத்த ஒரு யோசனை கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். பேசும்போது என் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, காட்டப்படவில்லையா என்று கேட்டார். பிறகு எழுந்து போய் அலுமாரியிலிருந்து சுருட்டிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கோப்புகளை வைத்தார். பாலம். ரோடு. மண்மேடு. ரோட்டின் இடது ஓரத்தில், பாலத்தின் நடைவழியிலிருந்து தொடங்கி, மலைப் படிக்கட்டு வரைக்கும் மெல்லிய ஒரு புள்ளிக் கோடு. அதன் பக்கத்தில் சிங்களத்தில் இரண்டே சொற்கள்: அடிப் பாதை.

நாலு நாள் அங்கே நின்றேன், எல்லாம் வேலை நாள், என்றார் அவர். கொழுந்துக்காரப் பெண்கள் அந்த வழியால் போவதைப் பார்த்துத்தான் அதை வைத்தேன், கணினிக் கோப்பிலும் இது இருக்கிறது, உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியதும் அதுதான்.

அந்தப் புள்ளிக் கோட்டைப் பார்த்த உடனேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வது. கணினியில் நாங்கள் படத்தை ஒரே தாளாக வைத்திருப்பதில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி, ரோடு ஒரு தாள், மரங்கள் ஒரு தாள், மின்கம்பங்கள் ஒரு தாள் என்று இருக்கும். வேண்டாததை மறைத்துவிடலாம், அழித்தும் விடலாம். அந்தக் கோப்பு வந்த முதல் நாள், சில்லறைக் கோடுகள் நிறைந்து படம் குப்பையாக இருந்தது. வேலி அடையாளங்கள், வாய்க்கால், செடிகள், புள்ளிக் கோடுகள். படம் சுத்தமாக இருக்கட்டும் என்று நான் ஒரு பிரதி எடுத்து அதில் ஒவ்வொரு தாளாக அழித்தேன். அந்தப் புள்ளிக் கோட்டையும் பார்த்தேன். பார்த்த ஞாபகம் இருக்கிறது. சிங்கள எழுத்தை வாசித்தேனா இல்லையா என்று தெரியாது. ஒரு சொடுக்கு. கோடு போய்விட்டது. படம் பளிச்சென்று ஆனது.

யாரும் எனக்கு அந்த வழியை மறைக்கவில்லை. வரைந்து, பெயர் எழுதி, என் கையில் கொடுத்திருந்தார்கள். பதினோரு வருடம் நடந்த பாதையை அழித்தது நான்.

அந்த உத்தியோகத்தர் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பியூனிடம் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். பிறகு சாதாரணமாக, தங்கச்சிக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

"கண்டி," என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. படித்த காலத்தில், விடுதியில், முதல் வேலைக்குப் போன இடத்தில் அப்படிச் சொன்னதுண்டு. தோட்டத்து ஆள் என்றால் பார்க்கிற பார்வையே மாறிவிடும், அது தோட்டத்திலிருந்து போனவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மேசையில், இந்தத் தாளுக்கு முன்னால், என் சிநேகிதி கால் முறிந்து கிடக்கும்போது அப்படிச் சொல்வேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. புள்ளிக் கோட்டைக் கண்டபோது வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. தேத்தண்ணி வந்தது. குடிக்கவில்லை. தாளின் விளிம்பில், பாலத்துக்கு அந்தப் பக்கம், லயங்கள் இருக்கிற இடத்தில் விரலை வைத்தேன்.

"கண்டியில வேலை. வீடு இங்க," என்று சிங்களத்தில் சொன்னேன். "இந்தக் கோட்டை அழிச்சதும் நான்தான்."

அடிபட்ட பெண்ணைத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். பிறகு என் கையிலிருந்த படத்தை வாங்கி அதைப் பார்க்கத் தொடங்கினார். அவர் என்னை மன்னித்தாரா, வெறுத்தாரா, எனக்குத் தெரியாது. இந்த வேலிக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, நாளைக்கே கழற்றச் சொல்கிறேன், அறையை நகர்த்துவதற்குத்தான் சபையில் முடிவு எடுக்க வேண்டும் என்றார்.

சேரிடம் மறுநாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையிலிருந்து நிற்பதற்கு எழுதிய கடிதமும் பையில் இருந்தது. அவருக்குக் கோபம் வந்தது, கத்தினார். தனக்குத் தெரியாமல் நான் சபைக்குப் போனது எப்படி என்று கேட்டார். பிறகு என் படத்தையும் மூல அளவைப் படத்தையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், கீழே கையெழுத்து என்னுடையது, நான் மூலத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்றார். கடிதத்தை வாங்கவில்லை. அடுத்த சபைக் கூட்டத்துக்கு என்னோடு வந்தார். பிழை எங்கள் அலுவலகத்துடையது என்று அங்கே அவர்தான் எழுந்து சொன்னார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

வேலி உடனே போய்விட்டது. அறையை நகர்த்த நாலு மாதம் எடுத்தது. இப்போது அது வலது பக்கம் இருக்கிறது. மேல் ரோட்டு வளைவில் நின்று பார்த்தால் மூன்றாவது வளைவின் பாதியை மறைக்கிறது. முகநூலில் யாரோ, பாலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். இடது ஓரத்தில் கொங்கிரீட் நடைபாதை போட்டு, வண்டி ஏறாதபடி உயர்ந்த கல் வைத்திருக்கிறது. அந்தப் பின்தூணை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் கூரை நிற்காது. நடைபாதையின் விளிம்பில் அது நிற்கிறது. பையோடு வருகிற பெண்கள் அந்த இடத்தில் தோளைக் கொஞ்சம் சாய்த்துப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல இன்னும் நாள் பிடித்தது. ஒரு சனிக்கிழமை காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய், வெளியே காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோயிலில் என்னைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

என் சிநேகிதிக்கு மலை ஏற முடியவில்லை. கால் சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தக் கால் கொஞ்சம் குட்டை. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் அவளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவளிடம் சொல்லாமல் விடலாம் என்று பல தடவை நினைத்தேன். சொன்னேன். கணினியை எடுத்துக்கொண்டு போய், மடுவத்து வாசலில் உட்கார்ந்து, மூலப் படத்தைத் திறந்து புள்ளிக் கோட்டைக் காட்டினேன். இதுதான் நம்ம வழி என்றேன். எப்படி அழித்தேன் என்று கேட்டாள். செய்து காட்டினேன். கோடு மறைந்தது.

அவள் திரையைக் குனிந்து பார்த்தாள். கோடு இருந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"இவ்வளவு லேசா?" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. நம்ப முடியாத ஒரு திகைப்பு இருந்தது. அந்த வழியில் எத்தனை பேர் நடந்திருப்பார்கள், எத்தனை மழையில் கல் எடுத்துப் போட்டு அதைச் சரி செய்திருப்பார்கள் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன். நான் மன்னிப்புக் கேட்டேன். உள்ளே ஒரு பிள்ளை விழித்து அழத் தொடங்கியது. அவள் கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள். ஒரு பக்கம் சாய்ந்து நொண்டியபடி உள்ளே போகப் போனவள், திரும்பினாள்.

"மொதல்ல அத பழையபடி போட்டு வை," என்றாள்.

கோட்டைத் திரும்ப வரவழைத்து, கோப்பைப் பத்திரப்படுத்தினேன். அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை திரையைப் பார்த்துவிட்டுப் போனாள்.